128 பைட்டுக்குள்ள ஒரு படையெடுப்பு

கொஞ்சம் கொசுவத்தி சுத்திட்டு மேட்டருக்கு வர்றேன், பொறுத்துக்கோங்க.

எங்க ஊர் வேப்பனப்பள்ளி. கிருஷ்ணகிரி மாவட்டத்தோட ஓரம். ஒரு பக்கம் போனா கர்நாடகா, இன்னொரு பக்கம் போனா ஆந்திரா. டீக்கடையில ஒருத்தர் தெலுங்குல கேட்பார், இன்னொருத்தர் கன்னடத்துல பதில் சொல்லுவார், கடைக்காரர் தமிழ்ல காசு கேட்பார். இலவச கலர் டிவி திட்டம் 2006 செப்டம்பர்ல ஆரம்பிச்சுது. எங்க தெருவுக்கு டிவி வந்து சேர்றதுக்குள்ள நான் அஞ்சாம் கிளாஸ் வந்துட்டேன். அந்த வருஷமே, ஓசூர் சிப்காட்டுல வேலை பார்த்துட்டு இருந்த சித்தப்பா, பெங்களூர் மெஜஸ்டிக் நடைபாதைக் கடையில ஒரு டிவி கேம் வாங்கிட்டு வந்தார். கூடவே ஒரு மஞ்சள் கேசட். மேல '9999 இன் 1'னு போட்டிருக்கும். உள்ள பார்த்தா ஒரு முப்பது கேம்தான் தேறும். மீதி எல்லாம் அதே கேம், வேற வேற பேர்ல. :-)

கேலக்ஸியன், பேக்-மேன், மேப்பி, ரோட் ஃபைட்டர், சர்க்கஸ் சார்லி, டாங்கி காங். இந்த வரிசையைப் படிச்சதும் காதுல 'டிடிங் டிடிங்'னு கேட்டுச்சுன்னா நீங்களும் நம்ம செட்டுதான். ரொம்ப நாள் கழிச்சுதான் ஒரு விஷயம் புரிஞ்சுது. இதுல எதுவுமே டிவிக்காகப் பிறந்த கேம் கிடையாது. எல்லாமே ஜப்பான்லயும் அமெரிக்காவுலயும் காசு போட்டு விளையாடுற ஆளுயர ஆர்கேட் மெஷின்ல இருந்தது. அதை யாரோ சில பேர் உட்கார்ந்து ஒரு சின்ன டப்பாவுக்குள்ள அடைச்சிருக்காங்க. அந்த 'யாரோ சில பேர்' பத்தித்தான் இந்தப் பதிவு.

இப்ப ஏன் திடீர்னு இதுன்னு கேக்குறீங்களா? நான் ஓசூர்ல வண்டி மீட்டருக்கு ஃபர்ம்வேர் எழுதுற ஆளு. எங்க சிப்புல ரேம் வெறும் 2 கிலோபைட். போன வருஷம் ஒரு புது மீட்டர்ல எல்லாத்தையும் அடைக்க முடியாம, சாவி போட்டதும் வர்ற ஒரு அலங்கார அனிமேஷனைத் தூக்கிட்டேன். அதைத் தூக்கினதாலதான் வேகம் காட்டுற முள் திக்காம ஓடுச்சு. மீட்டிங்ல ஒருத்தர், "பழைய மாடல்ல இருந்துதே, இதுல ஏன் இல்ல? அவ்வளவு சோம்பேறித்தனமா?"ன்னு கேட்டார். முள் ஏன் திக்கலைன்னு யாரும் கேக்கல. இருக்கிறது கண்ணுக்குத் தெரியாது, இல்லாததுதான் தெரியும்னு அன்னைக்குப் புரிஞ்சுது. வீட்டுக்கு வந்து அந்தப் பழைய கேம்களைப் பத்தித் தோண்ட ஆரம்பிச்சேன். நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே இதே திட்டை வேற சில பேர் வாங்கியிருக்காங்க.

சரி, மேட்டருக்கு வருவோம்.

1977ல அமெரிக்காவுல அட்டாரி கம்பெனி ஒரு வீட்டு கேம் மெஷின் விட்டுச்சு. பின்னாள்ல அதுக்கு அட்டாரி 2600னு பேர். அதோட ரேம் எவ்வளவு தெரியுமா? 128 பைட். கிலோபைட் இல்லீங்க, வெறும் பைட். நாம அனுப்புற ஒரு எஸ்எம்எஸ்ஸே 140 பைட். அதாவது ஒரு எஸ்எம்எஸ்ஸைவிடக் குறைவான இடத்துல மொத்த விளையாட்டோட ஞாபகமும் இருக்கணும்: யார் எங்க நிக்கிறான், எத்தனை உயிர் மிச்சம், ஸ்கோர் என்ன, எல்லாம். கேசட்டுல புரோகிராமுக்கு 4 கிலோபைட்.

இதுல பெரிய சிக்கல் படம் காட்டுறது. இன்னைக்கு எல்லாம் திரையில வரப்போற படம் முழுசா முதல்ல மெமரில இருக்கும், அப்புறம் திரைக்குப் போகும். அட்டாரில குறுக்க 160 புள்ளி, நெடுக்க 192 வரின்னு வச்சுக்கோங்க. வெறும் கறுப்பு வெள்ளைன்னாலே 3,840 பைட் வேணும். இருக்கிறது அதுல முப்பதுல ஒரு பங்கு. அப்ப எப்படிக் காட்டுனாங்க?

நம்ம பழைய குண்டு டிவியை நினைச்சுக்கோங்க. பின்னாடி இருந்து ஒரு எலக்ட்ரான் கதிர் இடமிருந்து வலமா ஒரு வரி கிழிக்கும், அப்புறம் கீழ இறங்கி அடுத்த வரி. அட்டாரில புரோகிராமர் அந்தக் கதிர் கூடவே ஓடணும். கதிர் ஒரு வரியைக் கிழிச்சு முடிக்கிற நேரத்துல பிராசஸருக்குக் கிடைக்கிறது 76 துடிப்பு. ஒரு கட்டளைக்கு குறைஞ்சது 2 துடிப்பு, சிலதுக்கு 6, 7 கூட ஆகும். மொத்தத்துல சுமார் இருபது, இருபத்தஞ்சு கட்டளை. அதுக்குள்ள அடுத்த வரில என்ன தெரியணும்னு சிப்புக்கிட்ட சொல்லி முடிச்சாகணும். ஒரு துடிப்பு தவறினாலும் படம் கோணிக்கும். கல்யாணப் பந்தியில, இலை போட்டுட்டுப் போறவர் பின்னாடியே ஒவ்வொரு இலையா பரிமாறிட்டு ஓடுற மாதிரி. நின்னா தொலைஞ்சோம்.

அந்தப் படம் காட்டுற சிப்புல நகரும் பொம்மைகள் ரெண்டே ரெண்டு. அது போக ரெண்டு குண்டு, ஒரு பந்து. பின்னணிக்கு பாதித் திரை அளவுக்கு 20 கட்டம், மறுபாதிக்கு அதையே திரும்பக் காட்டலாம், இல்ல கண்ணாடி மாதிரித் திருப்பிக் காட்டலாம். ஏன்னா இந்த மெஷினை வடிவமைச்சப்போ அவங்க மனசுல இருந்தது ரெண்டு டாங்க் சண்டை போடுறதும், பந்து விளையாட்டும்தான்.

அடுத்த வருஷம், 1978ல, ஜப்பான்ல டைட்டோ கம்பெனிக்காக டோமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' செஞ்சார். வரிசைக்கு 11 வீதம் 5 வரிசை, மொத்தம் 55 வேற்றுகிரக ஆளுங்க. அந்த கேம்ல ஒரு விசேஷம்: சுடச் சுட மிச்சம் இருக்கிறவங்க வேகம் எடுப்பாங்க, கடைசி ஒருத்தன் பறப்பான். பயம் வர்றதே அங்கதான். அந்த வேகத்துக்கு காரணமே அந்த மெஷினோட பிராசஸரால ஒரு தடவைக்கு ஒருத்தனைத்தான் நகர்த்த முடியும்கிறதுதான். 55 பேர் இருந்தா ஒரு சுத்து முடிய 55 தடவை. பத்து பேர் இருந்தா பத்தே தடவை. ஆள் குறையக் குறைய வேகம் தானா ஏறும். ஆக, அசல் மெஷினே ஒரு பற்றாக்குறையில பிறந்ததுதான்.

இப்ப இதை அட்டாரிக்குக் கொண்டு வரணும். ரெண்டு பொம்மை இருக்கிற மெஷின்ல 55 பேர்! அந்த வேலையைச் செஞ்சவர் ரிக் மாரர். அட்டாரி சிப்புல ஒரு சின்ன வசதி இருந்துச்சு. ஒரே பொம்மையை ஒரே வரியில பக்கத்துல பக்கத்துல மூணு தடவை காட்டுன்னு சொல்லலாம். ரெண்டு பொம்மை, ஒவ்வொண்ணும் மூணு தடவைன்னா வரிசைக்கு ஆறு பேர். கதிர் கீழ இறங்கினதும் அதே ரெண்டு பொம்மைக்கு வேற சட்டை மாட்டி அடுத்த வரிசை. இப்படி ஆறு வரிசை. மொத்தம் 36 பேர்.

பார்த்தீங்களா, 55ல 19 பேரைத் தூக்கிட்டார். ஆனா எதைத் தூக்கலைன்னு பாருங்க. அந்த வேகம் ஏறுறதைத் தூக்கல. ஆர்கேட்ல அது தானா நடந்த விஷயம். அட்டாரில படம் காட்டுற முறையே வேற, அங்க அது தானா வராது. அதை வேணும்னே எழுதி வரவழைக்கணும். மாரர் வரவழைச்சார். அதுக்கு மேல, ஓடுற கேடயம், கண்ணுக்குத் தெரியாத எதிரிகள், ரெண்டு பேர் சேர்ந்து ஆடுறதுன்னு 112 வகை ஆட்டத்தை அந்த 4 கிலோபைட்டுக்குள்ள வச்சார். 1980ல கேசட் வந்துச்சு. இந்த ஒரு கேசட்டுக்காகவே மெஷின் வாங்கினவங்க கூட்டம் கூட்டமா இருந்தாங்க. 19 பேர் காணோம்னு யாரும் எண்ணிப் பார்க்கல.

கேசட் டப்பாவுல மாரர் பேர் இல்ல. யார் பேரும் போட மாட்டாங்க, அட்டாரில அதுதான் வழக்கம். விற்பனை எங்கேயோ போச்சு, அவருக்கு அதுக்காகக் கிடைச்சது 11,000 டாலர் போனஸ். அட்டாரியை விட்டுக் கிளம்பிட்டார். அதுக்கு முன்னாடியே, 1979ல, டேவிட் கிரேன் உட்பட நாலு புரோகிராமருங்க இதே கோபத்துல வெளியே போய் ஆக்டிவிஷன் கம்பெனியை ஆரம்பிச்சு, கேம் எழுதினவர் பேரைப் போட ஆரம்பிச்சாங்க. வாரன் ராபினெட்னு இன்னொருத்தர் வேற வழி பிடிச்சார். 'அட்வெஞ்சர்' கேம்ல யாருக்கும் தெரியாம ஒரு ரகசிய அறை கட்டி, உள்ள தன் பேரை எழுதி வச்சுட்டுப் போயிட்டார். கோயில் தூண்ல யாரும் பார்க்காத மூலையில தன் உருவத்தைச் செதுக்கி வைக்கிற சிற்பி மாதிரி.

இப்ப அடுத்த ஆளுக்கு வருவோம். எனக்கு மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது இவரை நினைச்சுத்தான்.

'பேக்-மேன்' 1980ல நாம்கோ கம்பெனில டோரு இவாட்டானி செஞ்சது. ஒரு வட்ட வாய், நாலு பேய், 240 சின்னப் புள்ளி, 4 பெரிய புள்ளி. அதை அட்டாரிக்கு மாத்துற வேலை டாட் ஃப்ரைக்கு வந்துச்சு. கேசட் 4 கிலோபைட்தான். ஸ்பேஸ் இன்வேடர்ஸ்ல எதிரிங்க ஒழுங்கா வரிசையா நிப்பாங்க, அதனால பொம்மையை மூணு தடவை காட்டுற தந்திரம் பலிச்சுது. பேய்ங்க அப்படியா? நாலும் நாலு திசையில அலையும், எப்ப வேணா ஒரே வரிசைக்கு வரும். ரெண்டு பொம்மையில ஒண்ணு பேக்-மேனுக்குப் போச்சு. மிச்சம் ஒரே ஒரு பொம்மை, நாலு பேய்.

ஃப்ரை என்ன செஞ்சார்னா, முறை வச்சார். முதல் படத்துல முதல் பேய், அடுத்ததுல ரெண்டாவது, இப்படி. அமெரிக்க டிவில விநாடிக்கு 60 படம்னா ஒவ்வொரு பேயும் 15 தடவைதான் தெரியும். அதனால பேய் எல்லாம் விளக்கு மினுக்குற மாதிரி மினுக்குச்சு. புள்ளி எல்லாம் கோடு கோடா ஆயிடுச்சு, எண்ணிக்கையும் பாதிக்கு வந்துடுச்சு. ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஆடலாம்கிறதால யார் எந்தப் புள்ளியைத் தின்னாங்கன்னு ரெண்டு பேருக்கும் தனித்தனியா ஞாபகம் வைக்கணும். எல்லாம் அந்த 128 பைட்டுல.

1982ல கேசட் வந்துச்சு. சுமார் 70 லட்சம் வித்துச்சு. ஆனா வாங்கினவங்களுக்குப் பெரிய ஏமாற்றம். ஏன்னா எல்லாரும் கடைத்தெருவுல அசலைப் பார்த்திருந்தாங்க. "இதுவா பேக்-மேன்?"னு திட்டித் தீர்த்தாங்க. விக்கும்னு நம்பி அட்டாரி அளவுக்கு மீறி கேசட் போட்டிருந்துச்சு. 1983ல அமெரிக்க வீடியோ கேம் தொழிலே சரிஞ்சப்போ, விக்காத சரக்கை லாரி லாரியா நியூ மெக்ஸிகோவுல அலமகோர்டோ ஊர்க் குப்பை மேட்டுல புதைச்சாங்க. 2014ல அதைத் தோண்டி எடுத்தாங்க, உள்ள ஈ.டி., பேக்-மேன் எல்லாம் இருந்துச்சு. இன்னைக்கும் 'மோசமான கேம்' பட்டியல் போட்டா ஃப்ரையோட பேக்-மேன் வந்துடும்.

நியாயமா ஒரு விஷயம் சொல்லணும். ஃப்ரை ஏழையா நிக்கல, கேசட்டுக்கு 10 சென்ட் வீதம் அவருக்கு நல்ல காசு வந்துச்சு. அதே மெஷின்ல இதைவிட நல்லாவும் செய்ய முடியும்னு 1983ல வந்த 'மிஸ் பேக்-மேன்' காட்டிடுச்சு. ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் ஆளுங்க செஞ்சது. பேய்ங்க ஒண்ணை ஒண்ணு இடிக்கிற இடத்துல மட்டும் மினுக்கும். ஆனா அவங்களுக்குக் கேசட்டுல 8 கிலோபைட் கிடைச்சுது, மேல ஃப்ரை பட்ட பாடு ஒரு பாடமாவும் கிடைச்சுது. பல வருஷம் கழிச்சு ஆர்வலருங்க 4 கிலோபைட்டுக்குள்ளயே நல்ல பேக்-மேன் எழுதிட்டாங்க. அதுவும் உண்மைதான். ஆனா அவங்க தலைக்கு மேல தேதி எதுவும் தொங்கல.

மாரரும் ஃப்ரையும் பட்டது ஒரே பற்றாக்குறைதான். ரெண்டு பேரும் எதையோ விட்டாங்க. மாரர் விட்டதை ஜனம் தேடல, ஃப்ரை விட்டதைத் தேடிச்சு. பேக்-மேனோட உயிரே அந்த நாலு பேய்ங்கதான். அது மினுக்கினா எல்லாமே போச்சு. திறமைங்கிறது எவ்வளவு அடைக்கிறோம்கிறதுல இல்ல, எதை விட்டா வலிக்காதுன்னு தெரிஞ்சு வச்சிருக்கிறதுல இருக்குன்னு எனக்குப் படுது. அது சில நேரம் நம்ம கையிலயும் இல்ல. கேம் அப்படி அமையணும்.

இனி நம்ம மஞ்சள் கேசட்டுக்கு வருவோம். நம்ம டிவி கேம் எல்லாம் ஜப்பானோட நின்டெண்டோ ஃபேமிகாமோட நகல். அசல் 1983 ஜூலை 15ல வந்துச்சு, வடிவமைச்சவர் மசாயுகி உயேமுரா. டாங்கி காங்கை வீட்டுல ஓட்டணும்கிறதுதான் அவருக்கு இலக்கு. அதனால இதுல வசதி கூட. 2 கிலோபைட் ரேம் (நம்ம மீட்டர் சிப்புல இருக்கிற அதே 2!), நகரும் பொம்மை 64, பின்னணிக்குத் தனியா சின்னச் சின்ன ஓடு பதிக்கிற முறை. ஆனாலும் ஒரு வரியில 8 பொம்மைக்கு மேல தெரியாது. ஒன்பதாவது வந்தா மறைஞ்சுடும்.

அப்ப கேலக்ஸியன்ல அவ்வளவு பேர் எப்படிப் பக்கம் பக்கமா நின்னாங்க? நிக்கிற படை பொம்மையே கிடையாது. அது சுவத்துல பதிச்ச ஓடு, அதாவது பின்னணிப் படம். ஒருத்தன் வரிசையை விட்டுக் கீழ பாயும்போது மட்டும் அவன் ஓட்டை அழிச்சுட்டு, அதே இடத்துல ஒரு பொம்மையை எழுப்பி விடுவாங்க. 1984ல வந்த அந்த கேமோட மொத்த புரோகிராம் 8 கிலோபைட், படம் ஒரு 8 கிலோபைட். இன்னைக்கு வாட்ஸப்ல வர்ற ஒரு 'குட் மார்னிங்' ரோஜாப்பூ அதைவிடப் பல மடங்கு பெருசு.

டாங்கி காங்குல இன்னொரு கதை. ஆர்கேட்ல நாலு கட்டம். ஃபேமிகாம்ல மூணுதான், கன்வேயர் பெல்ட் ஓடுற 50 மீட்டர் கட்டம் இல்ல. அது இல்லைங்கிறதே எனக்கு காலேஜ்ல யூட்யூப் பார்த்தப்பதான் தெரியும். வேப்பனப்பள்ளில ஆர்கேட் மெஷினை யார் பார்த்தா? அசலைப் பார்க்காதவனுக்கு நகல்தான் அசல். நாங்க மூணு கட்டத்தையும் முடிச்சுட்டு ராஜா மாதிரி சுத்துனோம். (2010ல நின்டெண்டோவே அந்தக் கட்டத்தைச் சேர்த்து ஐரோப்பாவுல ஒரு பதிப்பு விட்டுச்சு. 27 வருஷம் கழிச்சு!)

இன்னொரு வேடிக்கை. ஜப்பான் டிவி விநாடிக்கு 60 படம், நம்ம டிவி 50. ஜப்பானுக்கு எழுதின கேமை மாத்தாம 50ல ஓட்டினா எல்லாம் ஆறில் ஒரு பங்கு மெதுவா ஓடும். ஆக நாம போட்ட ஹைஸ்கோர் எல்லாம் கொஞ்சம் சலுகை விலையில வாங்கினதுதான். ஹிஹி.

கடைசியா ஒரு கதை. எனக்கு இதுலயே ரொம்பப் பிடிச்சது.

'பலூன் ஃபைட்' ஞாபகம் இருக்கா? ரெண்டு பலூனைக் கட்டிக்கிட்டு கையை ஆட்டி ஆட்டிப் பறப்பானே, அவன். அதுக்கும் ஆர்கேட், ஃபேமிகாம்னு ரெண்டு வடிவம் உண்டு. ஆர்கேட்டுக்கு எஸ்ஆர்டிங்கிற கம்பெனில தோஷிஹிகோ நாககோ எழுதினார். 1985 ஜனவரில வந்த ஃபேமிகாம் வடிவத்தை எச்ஏஎல் லேபரட்டரில சடோரு இவாடா எழுதினார். பார்த்தா வீட்டு வடிவத்துலதான் பறக்கிறது வழுவழுன்னு இருந்துச்சு. அந்த ஆர்கேட் மெஷினுக்குள்ள இருந்ததும் ஏறக்குறைய ஃபேமிகாம் சர்க்யூட்தான். அப்ப வித்தியாசம் எங்க இருந்து வந்துச்சு?

நாககோ போய் இவாடாகிட்டயே கேட்டார். இவாடா சொன்ன பதில்: இடத்தை முழு எண்ணா வைக்காம, புள்ளிக்கு அப்புறம் வர்ற பின்னத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுறேன். அந்த பிராசஸருக்குப் பெருக்கவே தெரியாது, தசமத்துக்கு எங்க போறது? அதுக்கு ஒரு வழி, கூட ஒரு பைட் ஒதுக்கி, அதை 256 பங்கா நினைச்சுக்கிறது. கால் புள்ளி நகரணும்னா ஒவ்வொரு படத்துக்கும் 64ஐக் கூட்டு. நாலு தடவை கூட்டினா 256 நிரம்பி வழியும், வழிஞ்சா ஒரு புள்ளி நகர்த்து. நம்ம அரிசிக்கடைப் படி கணக்குதான். அந்தப் பாடத்தை நாககோ எடுத்துட்டுப் போய், அதே 1985 செப்டம்பர்ல வந்த சூப்பர் மரியோவுல மரியோ தண்ணிக்குள்ள நீந்துற இடத்துல பயன்படுத்தினார். பல வருஷம் கழிச்சு, இவாடா நின்டெண்டோ தலைவரா இருந்தப்போ, ரெண்டு பேரும் உட்கார்ந்து இதைச் சிரிச்சுப் பேசியிருக்காங்க. 2015ல இவாடா காலமானார்.

இதைப் படிச்சப்போ எனக்குச் சிலிர்த்துடுச்சு. ஏன்னா எங்க மீட்டர் முள் திக்காம ஓட நான் போட்டிருக்கிறதும் இதே கணக்குதான். கூட ஒரு பைட், 256 பங்கு, நிரம்பி வழிஞ்சா ஒரு அடி. எனக்கு இதைச் சொல்லிக் குடுத்தவர் எங்க சீனியர் அண்ணன். அவருக்கு யாரோ, அந்த யாரோவுக்கு வேற யாரோ. பேர் இல்லாமலே கை மாறி வந்திருக்கு.

அஞ்சாம் கிளாஸ்ல கேலக்ஸியன் போட்டப்போ முதல் திரையில கம்பெனி பேரைக்கூட நகல் எடுத்தவன் அழிச்சு வச்சிருந்தான். எழுதினவன் பேருக்கு எங்க போறது? அந்தப் படையைச் சுவத்துல ஓடாப் பதிக்கலாம்னு யோசிச்ச ஆள் யாரோ, அவர் வேலையை கர்நாடகா பார்டர்ல ஒரு பையன் இலவச டிவில வருஷக்கணக்கா ரசிச்சான்கிறது அவருக்குத் தெரிஞ்சிருக்காது.

போன வாரம் ஒரு காரியம் செஞ்சேன். நான் தூக்கின அந்த அனிமேஷன் இருந்த இடத்துல, கோடுக்கு மேல நாலு வரி எழுதி வச்சேன். இங்க என்ன இருந்துச்சு, எத்தனை பைட் எடுத்துச்சு, அதை எதுக்காக விட்டோம், விட்டது யார். கீழ என் பேர். நாளைக்கு வர்றவன் திட்டினாலும் காரணம் தெரிஞ்சு திட்டட்டும்.

டிஸ்கி: அந்த மஞ்சள் கேசட் இன்னும் வீட்டு அட்டத்துல கிடக்கு. டிவிதான் போயிடுச்சு. உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு, எந்த கேம்ல நீங்க கில்லின்னு சொல்லிட்டுப் போங்க. சர்க்கஸ் சார்லில சிங்கத்தைத் தாண்டவே இல்லைன்னு சொல்றவங்களுக்கும் இடம் உண்டு. :-)